மறு: டிபிஐ: புள்ளியா, துளியா, பொட்டா?

குழுவினர்க்கு வணக்கம்.

வீட்டில் போட்டோ அச்சிட பிரிண்டர் வாங்குவோருக்கான நம் குறிப்பில் அச்சுப்பொறி, மைத்தொட்டி, சாயமை, நிறமி மை போன்ற தமிழ்ச் சொற்கள் எல்லாம் முடிவாகிவிட்டன. டிபிஐ (டாட்ஸ் பெர் இன்ச்) என்பதில் வரும் 'டாட்'டுக்கு என்ன சொல் என்பது ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. வந்த மடல்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> டாட் என்றால் புள்ளி. டிபிஐ என்றால் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி. சின்னப் பிள்ளைக்கும் புரியும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது ஐயா?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கடையில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எப்சன் எல்8050 பெட்டியில் 5760 × 1440 என்று இருக்கும். நான்கு மைத் தொட்டிக் கருவிகள் சிலவற்றில் 4800 × 1200. கேனன் செல்ஃபி சிபி1500 என்ற கையடக்கக் கருவியில் வெறும் 300 × 300. மூன்றையும் 'புள்ளி' என்று எழுதிவிட்டால், படிப்பவர் செல்ஃபியைத் தொடக்கூட மாட்டார். ஆனால் மேக்ஸி (4 × 6 அங்குலம்) அளவில் அது தரும் படம் லேபில் போட்ட படத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது.

காரணம் இதுதான். நம் ஃபோனில் இருக்கும் படமும் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் எந்த நிறத்தையும் தாங்கும்: வெளிர் பழுப்பு, மாம்பழ மஞ்சள், எதுவானாலும். அச்சுப்பொறி காகிதத்தில் வைப்பதோ அப்படிப்பட்டதல்ல. நான்கு மைக் கருவியிடம் மயில்நீலம் (சயான்), மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கே உண்டு. ஓர் இடத்தில் மை வைக்கலாம் அல்லது வைக்காமல் விடலாம். துளியைப் பெரிதாகவும் சிறிதாகவும் மாற்றும் கருவிகள் உண்டு. அவற்றிலும் படிகள் விரல்விட்டு எண்ணத் தக்கவையே. ஆகவே வெளிர் பழுப்பு வேண்டுமென்றால் மஞ்சளையும் மெஜந்தாவையும் அக்கம்பக்கமாகத் தூவி, இடையில் வெள்ளைக் காகிதத்தைக் காட்டிவிட்டுக் கண்ணை ஏமாற்ற வேண்டும்.

ஐயமிருந்தால் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸை வாங்கி, நான்கு மைக் கருவியில் அச்சிட்ட கல்யாணப் போட்டோவை ஒருமுறை பாருங்கள். மணப்பெண்ணின் கன்னத்தில் தோல் நிறம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. மெஜந்தாவும் மஞ்சளும் இறைந்து கிடக்கும். தாடை நிழலில் மட்டும் அங்கொன்று இங்கொன்றாக நீலம் எட்டிப் பார்க்கும். கூந்தலுக்குப் போனால்தான் மை நெருக்கியடித்துக்கொண்டு வெள்ளையை மறைக்கும்.

இப்போது கணக்குப் போடலாம். நல்ல போட்டோவுக்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளி போதும் என்பது வழக்கமான அளவுகோல். 5760-ஐ 300-ஆல் வகுத்தால் 19.2, 1440-ஐ வகுத்தால் 4.8. பெருக்கினால் 92. அதாவது படத்தின் ஒரு புள்ளிக்கு நிறம் கட்ட, அந்தக் கருவிக்கு 92 இடங்கள் கிடைக்கின்றன. 4800 × 1200 கருவிக்கு 64. பெட்டியில் உள்ள பெரிய எண் நிறத்தைத் தூவக் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறது. படத்தில் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை அது சொல்லவில்லை. அகலத்துக்கு ஓர் எண், நீளத்துக்கு வேறோர் எண் என்று வருவதே இதற்குச் சான்று. ஒன்று அச்சுத்தலை குறுக்கே ஓடும் கணக்கு, மற்றது காகிதம் நகரும் கணக்கு. படத்துக்கு அப்படி இரண்டு அளவு கிடையாது.

ஆகவே இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் வேண்டும். கோலத்தில் புள்ளி என்பது வரிசை தப்பாமல் முன்கூட்டியே குறித்து வைத்த இடம். படத்துக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. எனவே பிக்சலுக்குப் படப்புள்ளி இருக்கட்டும். படவணு என்று சிலர் எழுதுவதில் எனக்குச் சண்டை இல்லை. அச்சுப்பொறி வைப்பதற்குத்தான் வேறு சொல் வேண்டும்.

> இங்க்ஜெட்டில் விழுவது மைத்துளி. துளி என்றே வைத்துவிடலாமே? அங்குலத்துக்கு 5760 துளி.

அழகான சொல், எனக்கும் முதலில் இதில்தான் மனம் போனது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. துளி என்ற சொல்லுக்கு ஏற்கெனவே அங்கே வேலை இருக்கிறது: பல கருவிகளின் விவரத்தாளில் 'மிகச் சிறிய துளி 1.5 பிக்கோலிட்டர்' என்பது போன்ற வரி வரும். பிக்கோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அது அச்சுத்தலையின் மூக்கிலிருந்து புறப்பட்டுக் காகிதத்தைத் தொடும்வரை உள்ள மையின் அளவு. காகிதத்தில் பட்டபின் அது எவ்வளவு பரவுகிறது என்பது காகிதத்தைப் பொறுத்தது. சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஊறி விரியும், பூச்சுள்ள கிளாஸி தாளில் விழுந்த இடத்திலேயே நிற்கும். அதே கருவி, அதே துளி, இரண்டு தாளில் இரண்டு விதமான அடையாளம். இரண்டாவது இடைஞ்சல் லேசர் அச்சுப்பொறி. அதில் துளியே கிடையாது, தூள்தான். அதற்கும் டிபிஐ என்றுதான் போடுகிறார்கள்.

அதனால் என் பரிந்துரை பொட்டு. மையோ தூளோ, காகிதத்தில் படிந்து நிற்கும் சிறு அடையாளம். மைப்பொட்டு, அங்குலத்துக்கு 5760 பொட்டு. துளி விழுகிறது, பொட்டு நிற்கிறது.

> பொட்டு என்றால் நெற்றி நினைவுக்கு வருமே, தொழில்நுட்பச் சொல்லாக எடுபடுமா?

வரட்டுமே அம்மா. நெற்றியில் இருப்பதும் வைத்த அடையாளந்தானே. வடமொழியிலிருந்து ஒட்டுப்போட்ட சொல்லுக்குத்தான் தொழில்நுட்பக் களை இருக்கும் என்ற நினைப்பு நம்மிடமிருந்து எப்போது போகுமோ தெரியவில்லை.

செல்ஃபிக்கு வருவோம். அதில் துளியும் இல்லை, பொட்டும் இல்லை. மஞ்சள், மெஜந்தா, மயில்நீலம் என்று சாயம் பூசிய நாடா ஒவ்வொன்றாக வரும். வெப்பத்தலை சூட்டைக் கூட்டிக் குறைத்து, ஒரே இடத்தில் ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில் இறக்கும். கடைசியாகத் தெளிந்த பூச்சு ஒன்று மேலே படியும், ஈரக்கை பட்டாலும் கலையாது. அதே லென்ஸில் பார்த்தால் தூவல் தெரியாது, மழமழவென்று ஒரே நிறம். ஆக அங்கே 300 என்பது உண்மையிலேயே படப்புள்ளிதான். ஆங்கிலத்தில் அதையும் டிபிஐ என்று எழுதிக் குழப்புகிறார்கள் என்பதற்காக நாமும் குழப்ப வேண்டியதில்லை. செல்ஃபிக்கு '300 படப்புள்ளி', எப்சனுக்கு '5760 பொட்டு' என்று எழுதினால் ஒப்பிடக் கூடாததை யாரும் ஒப்பிட மாட்டார்கள்.

இந்த வேறுபாடு காசையும் மிச்சம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் 1600 படப்புள்ளி நீளத்துக்குச் சுருங்கியிருக்கும். மேக்ஸியின் 6 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 267, ஒப்பேறும். ஏ4 தாளின் நீளத்துக்கு நீட்டினால் 137-தான், முகம் குழைந்துவிடும். 5760 பொட்டு வைக்கும் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 'இன்னும் நல்ல பிரிண்டர்' தேடி அலைவதைவிட அனுப்பியவரிடம் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்வதே வழி.

ஆறு மை எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். பொட்டை வைத்தே விடை சொல்லலாம். எல்8050-இல் வழக்கமான நான்கோடு வெளிர் மயில்நீலம், வெளிர் மெஜந்தா இரண்டும் உண்டு. கன்னத்துக்கு அழுத்தமான மெஜந்தாவில் நாலு பொட்டு வைத்து இடைவெளி விடுவதற்குப் பதில், வெளிர் மெஜந்தாவில் நெருக்கமாக நிரப்பிவிடும், பொறிப்பொறியாகத் தெரியாது. கேனன் ஜி570 வேறு வழி போகிறது, கூடுதலாக அது வைத்திருப்பது சிவப்பும் சாம்பலும். நான்கு மைத் தொட்டிக் கருவியைவிட இரண்டுமே நன்றாக விலை கூடியவை. இரண்டிலும் ஸ்கேனர் கிடையாது என்பதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

மாதம் பத்துப் பதினைந்து மேக்ஸி, மற்றபடி பிள்ளைகளின் புராஜெக்ட் வேலை என்றால் நான்கு மைத் தொட்டியும் நல்ல கிளாஸி தாளும் போதும் என்பது என் கருத்து. கணினியில் பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளில் காகித வகையைக் கிளாஸி என்று மாற்றிவிட்டுத்தான் கட்டளை கொடுக்க வேண்டும். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது ஓட்டாவிட்டால் அச்சுத்தலை அடைத்துக்கொள்ளக்கூடும். எப்போதாவது மட்டும் அச்சிடுகிறவருக்குச் செல்ஃபிதான் தோது. உலர்ந்த நாடா என்பதால் அடைப்புக்கே இடமில்லை, நாடாவும் தாளும் ஒரே கணக்கில் ஒன்றாக வருவதால் ஒரு படத்துக்கு என்ன செலவு என்பதும் முன்பே தெரியும்.

குறிப்பில் சேர்க்க என் வரைவு:

படப்புள்ளி: படத்தின் மிகச் சிறிய கூறு. எந்த நிறமும் தாங்கும்.
துளி: அச்சுத்தலை உமிழும் மையின் அளவு. பிக்கோலிட்டரில் சொல்வது.
பொட்டு: காகிதத்தில் படிந்த மை அல்லது தூளின் அடையாளம். பெட்டியில் டிபிஐ என்று இருப்பது பெரும்பாலும் இதுவே.

செல்ஃபி வகைக்கு 'சாயப் பதங்க அச்சு' என்று வந்த பரிந்துரையை மட்டும் ஏற்க முடியவில்லை. பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்பது கற்பூரம்போல் திண்மம் நேரே ஆவியாவது. இந்தக் கருவியில் சாயம் பெரும்பாலும் சூட்டில் ஊடுருவித்தான் தாளுக்குள் இறங்குகிறது, 'டை சப்ளிமேஷன்' என்ற ஆங்கிலப் பெயரே பிசகு. 'வெப்பச்சாய அச்சு' என்று வைக்கலாமா? ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் அப்படியே சேர்த்துவிடுகிறேன். கார்ட்ரிட்ஜைக் கார்ட்ரிட்ஜ் என்றே விட்டுவிடுவோம், அதற்கு இன்னொரு இழை தாங்காது.

அன்புடன்,
மதுரையிலிருந்து