பொய்ப் பெயரும் நிஜ மொய்யும்: டெஸ்ட் டேட்டா அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து, திரியைத் தொடங்கியவர்:

கல்யாண வீட்டில் மொய் எழுத ஒரு சின்ன மென்பொருள் செய்துகொண்டிருக்கிறேன். அதைச் சோதிக்க நிஜ மொய் நோட்டு கேட்டுப் பார்த்தேன். யாரும் தரவில்லை. தரவும் மாட்டார்கள், யார் வீட்டுக்கு யார் எவ்வளவு எழுதினார் என்பதை அண்ணன் தம்பியே ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே மொய்யையும் ஆளையும் நானே உருவாக்க வேண்டியதாயிற்று.

அதற்காகப் பிடித்ததுதான் ஃபேக்டேட்டா. சோதனைக்கான பொய்த் தகவல்களை உருவாக்கித் தரும், கோ என்ற நிரல்மொழியில் எழுதிய கமாண்ட் லைன் கருவி. டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் கறுப்புத் திரையில், பெயர், இ-மெயில், தேதி என்று வேண்டியதை வரிசையாகச் சொன்னால் கொட்டிவிடும். எத்தனை என்று சொல்லாவிட்டால் பத்து வரி. கமா போட்டுப் பிரித்த சிஎஸ்வி பட்டியலாகவும் வாங்கலாம், நேரே டேட்டாபேஸில் ஏற்ற எஸ்க்யூஎல் கட்டளைகளாகவும் வாங்கலாம். வேறு வடிவம் வேண்டுமென்றால் டெம்ப்ளேட் எழுதிக்கொள்ளலாம்: வாக்கியத்தை நாம் எழுதி, பெயர் வரும் இடத்திலும் தொகை வரும் இடத்திலும் இரட்டை அடைப்புக்குறி போட்டுவிட்டால் அது நிரப்பிக்கொள்ளும்.

அது தந்த பெயர்களெல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். சரி, நம் பெயர்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி அதிலிருந்து எடுக்கச் சொன்னேன். சிதம்பரம், மெய்யப்பன், நாச்சியப்பன், உமையாள், விசாலாட்சி என்று நாற்பது பெயர். முன்னால் ஓர் இனிஷியல். பத்தாயிரம் வரி ஓட்டியும் ஒரு பிழைகூட இல்லை. பெருமையாகக் கொண்டுபோய் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் முதலில் சொன்ன பெயரே ராம.அழ.சுப. வள்ளியப்பன். என் இனிஷியல் கட்டத்தில் ஓர் எழுத்துக்கு மேல் விழவில்லை.

நானும் இந்த ஊர்க்காரன்தான். விலாசம் (பெயருக்கு முன்னால் போடும் முன்னோர் பெயர்ச் சுருக்கம்) மூன்றடுக்காக வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். டெம்ப்ளேட் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த அடியும் அங்கேயே விழுந்தது. ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். மூன்று சகோதரர்களும் தத்தம் மூத்த மகனுக்குத் தங்கள் அப்பச்சி (அப்பா) பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர். ‘இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்று என் நிரல் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியது. முகவரியை வைத்துப் பிரிக்கலாம் என்றால் மூவருக்கும் பங்கு ஒரே வீட்டில். நம் வீடுகளோ முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பவை, ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு தெருப் பெயர் சொல்வார்கள்.

இப்படிக் கருவியை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

நான் செய்தது கோவில் புள்ளிக் கணக்கு, அதாவது கோவிலுக்கு வரிப்பணம் கொடுக்கும் குடும்பங்களின் கணக்கு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் பிரிந்து சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக் கோவில்களையும் பட்டியலாகக் கொடுத்து மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எடுக்கச் சொன்னேன். 900 கல்யாணம் உருவாக்கி, சும்மா கண்ணை ஓட்டுகிறேன்: மாப்பிள்ளை வைரவன்கோவில், பெண்ணும் வைரவன்கோவில். அடுத்த பக்கத்தில் நேமம், நேமம். ஒரே கோவில்காரர்கள் பொதுவாகப் பங்காளிகள், அவர்களுக்குள் கல்யாணம் இல்லை. ஒன்பதில் ஒன்று அப்படித்தானே விழும்? ஏறக்குறைய நூறு ஜோடியைப் பங்காளிக்குள்ளேயே முடித்துவைத்திருந்தது. எங்கள் ஆயாவிடம் சொன்னேன். “ஜாதகம் பார்க்கிற கம்ப்யூட்டரைவிட இது மோசமா இருக்கே” என்று சிரித்தார்.

அதைவிட நான் அசடு வழிந்தது அரைப்புள்ளியில். கல்யாணமான குடும்பத்தை ஒரு புள்ளியாகவும் கணவரை இழந்த ஆச்சியை அரைப்புள்ளியாகவும் எழுதுவது உங்களுக்குத் தெரியும். என் டெம்ப்ளேட்டில் புள்ளி முழு எண், டேட்டாபேஸிலும் முழு எண். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதால் எந்தச் சோதனையும் தோற்கவில்லை. நிஜப் பட்டியல் ஏறிய அன்று புள்ளிக் கணக்கில் வாங்கும் மொத்த வரிப்பணம் குறைந்தது. அரைகளெல்லாம் பூஜ்யமாகியிருந்தன.

ஒரு சின்ன வித்தை: கோப்பிலிருந்து எடுக்கும்போது எல்லா வரிக்கும் சம வாய்ப்பு. ஏழு உட்பிரிவு உள்ள இளையாற்றங்குடியும் மற்றக் கோவில்களும் அப்படிச் சமமாக வந்தால் கணக்கு ஒட்டாது. அதிகம் வர வேண்டியதை அதே கோப்பில் நாலைந்து முறை எழுதிவிடுங்கள். அசிங்கமான வழிதான், வேலை செய்யும்.

கானாடுகாத்தானிலிருந்து:

பலகார ஆர்டர் மென்பொருள். சீடை, மணகோலம், அதிரசம் எல்லாம் கிலோ கணக்கில். தேதியை ஆண்டு முழுக்கச் சமமாகத் தூவிச் சோதித்தேன், ஆடி மார்கழியிலும் கல்யாண ஆர்டர்! தை முகூர்த்தத்தில் ஒரே நாளில் குவிந்தபோது திரை நகரவே இல்லை. மொய்த் தொகையிலும் இதே கதைதான் இருக்கும், தம்பி. ஒன்று முதல் பத்தாயிரம் வரை என்று விட்டால் 3,847 ரூபாய் மொய் வரும். யார் எழுதுவார்கள் அப்படி? 101, 501, 1001 என்று கையால் பட்டியல் கொடுங்கள்.

புதுவயல்காரன், இப்போது சென்னையில்:

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சரி, பல வருடமாகிவிட்டது.

ஒரு வட்டிக்கடைக் கணக்கு மென்பொருள். தவணை தப்பினால் எஸ்எம்எஸ் போகும். செல்பேசி எண்ணுக்கு என் டெம்ப்ளேட் மிகச் சுத்தமானது: முதல் இலக்கம் 6 முதல் 9 வரை, பிறகு ஒன்பது இலக்கம் ஏதாவது. சரியான வடிவில் எண் வர வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம். சரியான வடிவில் வரும் எண் யாரோ ஒருவருடைய நிஜ எண்ணாக இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. சோதனைக் கணினியில் எஸ்எம்எஸ் இணைப்பு அணைந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். அணையவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு 200 பேருக்கு “உங்கள் நகை ஏலத்துக்கு வருகிறது” என்று போய்விட்டது.

காலையில் கடைக்காரர் போன் போட்டார். யாரோ ஓர் ஆச்சி, வாழ்நாளில் நகையை அடகு வைத்ததே இல்லையாம், தன் மகன்தான் தெரியாமல் கொண்டுபோய் வைத்துவிட்டான் என்று நினைத்து ராத்திரியே அவனை எழுப்பி விசாரித்திருக்கிறார். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் விட்டாராம். அந்த மகனும் பேசினான். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. நியாயமான கோபம்.

இப்போது என் டெம்ப்ளேட்டில் செல்பேசி எண் 5-இல்தான் தொடங்கும். நம் நாட்டுச் செல்பேசிகள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்குகின்றன என்பதால் அது எந்தச் செல்பேசிக்கும் போய்ச் சேராது. ‘வடிவம் தப்பு’ என்று நிரல் கத்தினால் சோதனைக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்திக்கொள்கிறேன். இ-மெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எக்ஸாம்பிள் டாட் காம் என்ற முகவரியை 1999-லேயே உதாரணத்துக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள். செல்பேசி எண்ணில் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் மாற்றுகிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். பத்தாயிரம் எண் இருக்கிறதே என்று தோன்றும், சுமார் 120 வரியிலேயே ஒரே எண் இரண்டு முறை வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடும்.

கோட்டையூரிலிருந்து:

தமிழ் எழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? மீனாட்சி நமக்கு நாலு எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொது முறையான யூனிகோடில் எட்டு குறி. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் (சேமிப்பு அளவு), ஆக 24. எனக்கு வாய்த்த பழைய பில் மென்பொருளில் பெயருக்கு 20 பைட்தான் இடம். ஆங்கிலப் பெயரில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. தமிழில் “மீனாட்” என்று அச்சாகிப் பக்கத்தில் ஒரு கட்டம் விழுந்தது. அந்த ஆச்சி பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. கோ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. நம் கோப்பை ஒரே ஆள் ஒரே கீபோர்டில் தட்டுவதால் சோதனையில் இது மாட்டுவதே இல்லை. நான் இப்போது வேண்டுமென்றே கோட்டையூரை இரண்டு விதமாகவும் கோப்பில் வைக்கிறேன்.

பைத்தான் மொழியில் ஃபேக்கர் என்று இதே வகைக் கருவி இருக்கிறது. அதில் தமிழுக்கென்றே ஒரு லோகேல் (மொழித் தொகுப்பு) உண்டு, அதையும் டெர்மினலிலிருந்தே ஓட்டலாம். பொதுவான தமிழ்ப் பெயருக்கு அது போதும். மூன்றடுக்கு விலாசத்துக்கு நம் கோப்புதான்.

காரைக்குடியிலிருந்து, தொடங்கியவர் மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. புதுவயல் அண்ணன் சொன்னதைப் படித்த கையோடு எஸ்எம்எஸ் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன்.

நான் கற்றது ஒன்று விட்டுப்போயிற்று: விதை எண். பல கருவிகளில் ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே ‘தற்செயல்’ வரிகளே வரும். முதல் மாதம் நான் அதைக் குறித்துவைக்கவில்லை. ஒரு நாள் 7,000 வரியில் எங்கேயோ ஒன்று நிரலைச் சாய்த்தது. மறுபடி ஓட்டினால் வேறு 7,000. அந்த வரி இன்றுவரை அகப்படவில்லை. இப்போது ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் விதை எண்ணைச் சேர்த்துவிடுகிறேன்.

போன வாரம் அதே பெரியவரிடம் புது டேட்டாவோடு போனேன். விலாசம், ஊர், 501 எல்லாம் ஒழுங்காக இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். “பள்ளத்தூர்க்காரர் 1001 செய்திருக்காரே, அவர் வீட்டுக்கு நாம திருப்பிச் செஞ்சோமா?” என்று கேட்டார். அப்படி ஒருவர் கிடையாது ஐயா என்று நம்பவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘மாதிரி’ என்று சேர்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர்க் கோப்பு வேண்டுமென்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். அதில் கோட்டையூர் ஒரு விதமாகத்தான் இருக்கிறது, இன்னும் திருத்தவில்லை.