கேட்லாக்ல போட்ட கெபாசிட்டி அப்படியே கிடைக்குமா? யூனிட் ஹீட்டர் டவுட்

கேள்வி: ஷெட்டுக்கு யூனிட் ஹீட்டர் (சுடுதண்ணி காயில் மேல ஃபேன் காத்தடிச்சு ரூம சூடாக்குற பெட்டி) போடணும். மணிக்கு 50,000 பிடியூ (வெப்பத்த அளக்குற யூனிட்) வேணும், கேட்லாக்ல 200 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணி, 60 டிகிரி காத்துக்குத்தான் ரேட்டிங் இருக்கு, ஆனா நம்ம பாய்லர் 140 தான் குடுக்கும், அதே சைஸ் எடுத்தா போதுமா?

பதில் 1: போதாதுங்க. தண்ணிக்கும் உள்ள போற காத்துக்கும் உள்ள வித்தியாசத்த பாருங்க. ரேட்டிங்ல அது 200 - 60 = 140, உங்களுக்கு 140 - 60 = 80 தான். 80/140 = 0.57, அதாவது ரேட்டிங்ல 57% தான் கிடைக்கும், அப்ப 87,500 ரேட்டிங் உள்ள யூனிட் எடுத்தாத்தான் 50,000 கிடைக்கும்.

பதில் 2: சரியா சொன்னாரு, ஆனா காத்தோட சூட்டையும் பாத்துக்கோங்க. ரேட்டிங்ல காத்து 60ல போய் 110ல வெளிய வர்ற யூனிட்டு 140 தண்ணில ஓடுனா அதே ஃபேன் ஸ்பீடுல 89 கிட்டதான் வரும், ஆளுங்க மேல நேரா அடிச்சா குளிர்காத்து மாதிரி இருக்கும், நான் ஒருதடவ இதுல மாட்டிக்கிட்டு ஆளுங்ககிட்ட நல்லா வாங்கி கட்டிக்கிட்டேன்.

கேள்வி கேட்டவர்: ஓ சரி. பம்ப் ஃப்ளோவ கூட்டுனா சமாளிக்கலாமா?

பதில் 1: பெருசா ஏறாது. ஃப்ளோ டபுள் பண்ணாலும் ஹீட் டபுள் ஆகாது, பிரஷர் டிராப்தான் (தண்ணி ஓடும்போது ஆகுற அழுத்த இழப்பு) கிட்டத்தட்ட நாலு மடங்காகும். தண்ணி உறையாம இருக்க கிளைக்கால் (glycol) கலக்குறீங்கன்னா அதுக்கும் கெபாசிட்டி இன்னும் குறையும், மறந்துடாதீங்க.