வீட்டிலேயே செய்த சோலார் பேனல்: வோல்ட் வருகிறது, ஆம்பியர் வரவில்லை

கேள்வி: தோட்டத்துவீடு (வெள்ளகோவில்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஊரிலிருந்து தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கிறது. மின் இணைப்பு உண்டு என்றாலும், ஆடிக் காற்றில் எங்காவது கம்பி அறுந்தால் மின்சாரம் திரும்புவதற்கு மறுநாள் ஆகிவிடுகிறது. அதனால் வெயிலை மின்சாரமாக்கும் ஆறு அங்குல பாலிகிரிஸ்டலைன் சிலிக்கான் செல்கள் நாற்பதை வாங்கி, அவற்றில் முப்பத்தாறை வரிசையாகப் பற்றவைத்து நானே ஒரு பேனல் செய்திருக்கிறேன். பின்பலகை 12 மில்லிமீட்டர் பிளைவுட். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் சிலிக்கோன் பசை ஒரு சொட்டு வைத்துப் பலகையில் ஒட்டி, மேலே 4 மில்லிமீட்டர் சன்னல் கண்ணாடி வைத்து, சுற்றிலும் அலுமினிய சட்டம் திருகி, இடுக்குகளை அதே பசையால் அடைத்திருக்கிறேன்.

நல்ல வெயிலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 20.8 வோல்ட் காட்டுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இரு முனைகளையும் மீட்டர் வழியாக இணைத்துப் பார்க்கும்போது 2.9 ஆம்பியருக்கு மேல் ஏறவில்லை. செல் விற்றவர் 8 ஆம்பியருக்கு மேல் வரும் என்று சொல்லியிருந்தார். மூன்று வாரத்துக்குள் கண்ணாடியின் உட்பக்கம் காலையில் பனி பிடித்தது போல ஈரம் படிகிறது, ஓரத்துச் செல்களை இணைக்கும் செம்புப் பட்டையான ரிப்பனில் பச்சையாக ஏதோ பூக்கிறது.

என் சந்தேகங்கள் மூன்று. ஆம்பியர் ஏன் குறைகிறது? இதைச் சரிசெய்தால், இதே போல இன்னும் சில பேனல்கள் செய்து வீடு முழுவதையும் ஓட்ட முடியுமா? அப்படிச் செய்தவற்றை மின்வாரிய மீட்டரோடு இணைத்து, மிஞ்சும் மின்சாரத்தைக் கொடுக்க அனுமதி கிடைக்குமா?

பதில் 1: பழையபயிற்றுநர்

தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

செல்கள் வரிசையில் நிற்கும்போது வோல்ட் ஒன்றோடொன்று கூடும், ஆம்பியர் கூடாது. முப்பத்தாறு செல்லில் முப்பத்தைந்து எட்டு ஆம்பியர் தரத் தயாராக இருந்தாலும், மீதமுள்ள ஒன்று மூன்று ஆம்பியர்தான் தரும் என்றால், மொத்த வரிசையும் ஏறத்தாழ அந்த மூன்றுக்கே இறங்கி வந்துவிடும். ஆறு பேர் கைமாற்றிச் செங்கல் ஏற்றும்போது ஒருவர் மெதுவானால் சுவர் அவர் வேகத்துக்குத்தான் எழும், அது போலத்தான். எதையும் இணைக்காமல் வோல்ட் மட்டும் பார்க்கும்போது மின்னோட்டமே இல்லாததால், கீறல் விழுந்த செல்லும் அரைகுறையாய்ப் பற்றவைத்த இடமும் அந்த அளவீட்டில் தெரியாது. உங்கள் 20.8 வோல்ட் ஏமாற்றியது இப்படித்தான்.

குறையுள்ள செல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், கண்ணாடியைக் கழற்றுங்கள். பேனலை வெயிலில் வைத்து, இரு முனைகளையும் தடித்த கம்பியால் நேரடியாக இணையுங்கள். இப்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு செல்லின் மேல் ஓடும் ரிப்பனில் ஒரு முனையையும், அடுத்த செல்லின் மேல் ரிப்பனில் மறு முனையையும் வையுங்கள். இப்படியே வரிசை முழுவதும் நகர்ந்து செல்லுங்கள். நல்ல செல்கள் அரை வோல்ட்டை ஒட்டிக் காட்டும். குறையுள்ள இடம் வந்ததும் குறி மாறி, கழித்தல் குறியோடு பத்துக்கும் மேலே எண் நிற்கும். மற்ற முப்பத்தைந்தும் சேர்ந்து அந்த ஒன்றை எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. அவ்வளவு ஆற்றலும் அந்த ஒரே இடத்தில் வெப்பமாகிறது என்பதால், இந்தச் சோதனையை ஓரிரு நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், அந்தச் செல்லை விரலால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. சால்டரிங் அயர்னை அழுத்தி இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் ரிப்பனுக்கு அடியிலேயே விழுந்துவிடும். இன்னொன்றும் உண்டு: வெயில் ஏற ஏறச் செம்பு நீளும் அளவு சிலிக்கானைப் போல ஆறு மடங்குக்கும் மேல். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ரிப்பனை விறைப்பாக இழுத்துப் பற்றவைத்திருந்தால், பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி இழுத்து இணைப்பைப் பிய்த்துவிடும். அந்த இடைவெளியில் ரிப்பனைச் சிறிது வளைத்து விட வேண்டும்.

பச்சை பூப்பதைப் பற்றி ஒரு கேள்வி. நீங்கள் வாங்கிய பசை உலரும்போது காடி வாசனை அடித்ததா?

பதில் 2: மூன்றுபேனல்

பயிற்றுநர் ஐயா கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மீன்தொட்டி ஒட்டுவதற்கு விற்கும் சிலிக்கோன் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். காடியில் இருப்பதும் அதே அமிலம்தான். மூடிய பெட்டிக்குள் அந்த அமிலமும் ஈரமும் சேர்ந்தால் செம்பு ரிப்பன் பச்சையாகாமல் என்ன செய்யும்? அமிலம் வெளிவிடாத நியூட்ரல் வகைச் சிலிக்கோன் கிடைக்கிறது. கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், வாசனை இராது.

நான் பொள்ளாச்சிப் பக்கத்தவன். 2012ஆம் ஆண்டு தமிழகத்தின் மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கோபத்தில், அடுத்த ஆண்டு தொடங்கி மூன்று பேனல்கள் செய்தேன். மூன்றும் எப்படிப் போயின என்று சொல்வது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலாவதில் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போட்டிருந்தேன், எடை குறையும் என்பதற்காக. ஒரே கோடையில் தகடு நடுவில் தொப்பை விழுந்தது போல வளைந்து, ஓரத்தில் இடைவெளி விட்டது. முதல் மழையே உள்ளே இறங்கிவிட்டது. இரண்டாவதைக் கண்ணாடி போட்டு நன்றாகவே செய்திருந்தேன். மழைநீர் ஒரு சொட்டும் போகவில்லை. ஆனால் பெட்டிக்குள் அடைபட்ட காற்று பகலில் விரிந்து வெளியேறி, இரவில் சுருங்கும்போது வெளியிலிருந்து ஈரக் காற்றை இழுத்துக்கொண்டது. இப்படித் தினமும் மூச்சுவிடும் பெட்டியை எந்தப் பசையாலும் நெடுநாள் அடைத்து வைக்க முடியாது. மூன்றாவதன் மேல் முருங்கைக் கிளை ஒன்றின் நிழல் பிற்பகலில் ஒரே ஒரு செல்லில் விழுந்துகொண்டிருந்தது. நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் டயோடு போட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் கழற்றிப் பார்த்தபோது, அந்தச் செல்லின் பின்னால் பிளைவுட் உள்ளங்கை அகலத்துக்குக் கரியாகியிருந்தது. தீப்பிடிக்கவில்லை என்பது என் புண்ணியம். நீங்கள் பிளைவுட் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பேனலை வீட்டுக் கூரையை ஒட்டி வைக்காதீர்கள், தயவுசெய்து.

தொழிற்சாலையில் செல்லைப் பெட்டிக்குள் வைப்பதில்லை. கண்ணாடி, அதன்மேல் ஈவிஏ என்னும் பிளாஸ்டிக் தாள், செல்கள், மறுபடியும் ஈவிஏ, கடைசியில் பின்தாள் என்று அடுக்கி, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகு ஏறத்தாழ 145 டிகிரி வெப்பத்தில் அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே பலகையாக்கி விடுகிறார்கள். உள்ளே காற்றே இல்லை என்பதால் மூச்சுவிடும் பேச்சே இல்லை. செல்லை அடுக்கிப் பற்றவைப்பது நம்மால் ஆகும். இருபத்தைந்து ஆண்டு ஈரம் புகாமல் காப்பதுதான் நம்மால் ஆகாதது, நாம் கடையில் காசு கொடுத்து வாங்குவதும் அதைத்தான்.

வீடு முழுவதும் ஓட்டும் கணக்கையும் பார்ப்போம். சிக்கனமான பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் 30 வாட், பன்னிரண்டு மணி நேரம்; ஒன்பது வாட் விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரம்; தொலைக்காட்சி நான்கு மணி நேரம்; சிறிய குளிர்பெட்டி ஒன்று. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டும். மிக்சி, கிரைண்டர், இன்வெர்ட்டரும் பேட்டரியும் தின்னும் இழப்பு, மேகமூட்டமான நாள் எல்லாவற்றையும் நினைத்தால் ஒரு கிலோவாட் பேனல் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் வரும். உங்கள் பேனல் குறையில்லாமல் வேலை செய்தாலும் 130 வாட்டை ஒட்டித்தான் தரும். ஆகவே எட்டுப் பேனல், 288 செல். செல்லுக்கு இரண்டு ரிப்பன், முன்னும் பின்னுமாக நான்கு இடம் என்று கொண்டால் 1152 இடத்தில் பற்றவைக்க வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் ஒரு பேனல் படுத்துவிடும் என்பதை இப்போது நீங்களே பார்த்துவிட்டீர்கள். இன்று ஒரு கிலோவாட்டுக்குக் கடைப் பேனல் இரண்டு போதும்.

பதில் 3: வடக்கிலிருந்து

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தபோது, நானும் செல் வாங்கிப் பொருத்துவதைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன். போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கையால் செய்வதில் ஒரு பிடிவாதம் இருக்கும். என் அண்ணர் என்னைத் தடுத்து, பேனலை மட்டும் கடையில் வாங்கு, மற்ற எல்லாவற்றையும் நீயே செய் என்றார். அவர் சொன்னது சரியாகப் போனது. தாங்கியை நானே வெல்டிங் செய்தேன், வயர் நானே இழுத்தேன், விளக்குகளைப் பேட்டரியின் 12 வோல்ட்டிலேயே எரியும்படி மாற்றினேன். மிச்சம் பிடித்த காசும் அங்கேதான் வந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டு ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை, அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சை, பேனல் பக்கத்தில் போடக் கூடாது. ஏசி மின்னோட்டம் ஒரு நொடிக்கு நூறு தடவை சுழியத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானே அணையும். பேனலும் பேட்டரியும் தரும் டிசியில் அது இல்லை. பொறி இழுபட்டுக்கொண்டே எரியும். டிசி என்று குறித்த எம்சிபிதான் வேண்டும்.

பதில் 4: பழையபயிற்றுநர்

மூன்றாவது கேள்வி விடுபட்டுப் போயிற்று. மின்வாரிய மீட்டரோடு இணைக்க வீட்டில் செய்த பேனலுக்கு அனுமதி கிடைக்காது. அப்படி இணைக்கும் பேனல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று பெற்றதாகவும், மத்திய அரசு வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடலாகவும் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. உச்சவரம்பு 78,000 ரூபாய். அதற்கு இந்தியாவில் செய்த செல்களைக் கொண்ட பேனலாக இருந்தாக வேண்டும்.

ஆனால் உங்கள் குறை கம்பி அறுவதுதானே? அப்படியானால் முடிவெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணையும் சாதாரண அமைப்பு, ஊரில் மின்சாரம் நின்றால் வெயில் அடித்தாலும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. மானியத்தைப் பார்த்து அதைப் போட்டுவிட்டு, ஆடிக் காற்றில் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களை நான் அறிவேன். உங்களுக்கு வேண்டியது பேட்டரி உள்ள அமைப்பு. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் எழுத்தளவில் 1.8 யூனிட் இருக்கும், அது நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்க வேண்டும். இரவுக்கு மின்விசிறியும் விளக்கும் போதும் என்றால் அது தாங்கும், குளிர்பெட்டியை அதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: தோட்டத்துவீடு

ஐயா, நண்பர்களே, மிக்க நன்றி. நேற்று நண்பகலில் கண்ணாடியைக் கழற்றி, ஐயா சொன்னபடியே மீட்டரை நகர்த்திக்கொண்டு போனேன். இருபத்து இரண்டு செல்கள் வரை 0.4, 0.5 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டே வந்த மீட்டர், இருபத்து மூன்றாவதில் கழித்தல் 14 என்று குதித்தது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், ரிப்பனை ஒட்டி மயிரிழை போல ஒரு கீறல் செல்லின் மூலை வரை ஓடியிருந்தது. தூண்டில் நரம்பைச் செல்லுக்கு அடியில் விட்டு அறுத்து எடுத்தேன். பசை விட்டுக்கொடுத்தது, செல் நான்கு துண்டானது. மிச்சம் வைத்திருந்த நான்கில் ஒன்றைப் பற்றவைத்த பிறகு 7.2 ஆம்பியர் வருகிறது. பசை மீன்தொட்டிக் கடையில் வாங்கியதுதான், காடி வாசனை வீடு முழுவதும் இரண்டு நாள் இருந்தது.

எட்டுப் பேனல் செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்குக் கடைப் பேனல் இரண்டு வாங்குகிறேன். இதை மட்டும் பிளைவுட்டை எடுத்துவிட்டு அலுமினியத் தகட்டில், நடுவே மின்காப்புத் தாள் வைத்து, பதினெட்டுச் செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு போட்டு மறுபடி கட்டி, வீட்டைத் தொடாமல் ஆட்டுப்பட்டிக்கு அருகில் இரும்புக் கால் நட்டு வைக்கப் போகிறேன். பட்டியில் இரவு விளக்கு ஒன்றும், வேலிக்கு ஒன்றும் எரிந்தால் போதும். எத்தனை மழைக்காலம் தாங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

பதில் 5: மூன்றுபேனல்

பட்டி விளக்குக்கு அது ஏற்றதுதான். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். ஆடு வயரைக் கடிக்கும்.