மறு: மறு: மேப் சென்சாருக்குத் தமிழ்ப் பெயர், ஞாயிறுக்குள்

ஐ.டி.ஐ. ஆசிரியர், சேலம்:
வணக்கம். திங்களன்று டர்போ எஞ்சின் பழுதறிதல் வகுப்பு. மேப் என்பது மேனிஃபோல்டு அப்சல்யூட் பிரஷர்: எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயில் அழுத்தம் அளக்கும் சென்சார். பழைய பாடக்குறிப்பில் அதற்கு 'அழுத்த உணரி' என்றிருக்கிறது. ஆயில் பிரஷர் சென்சாருக்கும் அதே பெயர்தான். "எதைக் கழட்டறது சார்?" என்கிறார்கள் பையன்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), அஸ்தம்பட்டி:
'உணரி' பழுதில்லை. மண்வெட்டி, மரங்கொத்தி போல இகர விகுதி. முன்னால் 'உள்ளிழு பன்குழல் தனியழுத்த' என்று சேருங்கள்; பன்குழல் மேனிஃபோல்டு, தனியழுத்தம் அப்சல்யூட் பிரஷர். தனிவெப்பநிலை பாடநூலில் உண்டே. 'தன்' அடியாகப் பிறந்தது தனி, பிறிதொன்றைச் சாராதது.

பட்டறைக்காரர், ஐந்து ரோடு:
ஐயா, அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி இருபது கொண்டை ஊசியும் ஏறிடுமுங்க. 'தனியழுத்தம்'னா பையன் தனியா ஒரு குழாயத் தேடுவான்.

ஒரு கதை சொல்றேன். ஏற்காட்டுல ஒரு டீசல் வண்டி. ஏத்தத்துல பிக்கப் இல்ல, கரும்புகை. மேலேயே ஒருத்தர் சாவியப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாம ஸ்கேனர்ல பாத்திருக்கார். 85 கிலோபாஸ்கல். "100 காட்டணுமே"ன்னு சென்சார மாத்திட்டார். புதுசும் அதே 85! 1500 மீட்டர் உசரத்துல காத்தே அவ்வளவுதானுங்க. எங்கிட்ட கீழ வந்தப்ப 98 காட்டுச்சு. டர்போ காத்து போற இன்டர்கூலர் ஹோஸைத் தடவினேன், கிளிப்புக்கு அடியில வெடிப்பு, விரலெல்லாம் எண்ணெய். காத்து அங்கதான் கசிஞ்சிருக்கு, சென்சார் மேல தப்பில்ல.

ஐ.டி.ஐ. ஆசிரியர்:
அதனால்தான் பெயரிலேயே அந்த 'அப்சல்யூட்' வேண்டும் என்கிறேன். டயர் கேஜ் வெளிக்காற்றைக் கழித்துவிட்டுக் காட்டும். காற்றில்லாத டயருக்கு மலையிலும் 0. மேப் சென்சார் வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது. ஏற்காட்டில் நிற்கிற வண்டியில் 98 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தமிழாசிரியர்:
அப்படியானால் முற்றழுத்தம். கேஜ் காட்டுவது குற்றழுத்தம். முற்றியலுகரம், குற்றியலுகரம் போல இணை. (ஏரிக்காடு ஏற்காடானதையும் ஒருநாள் பேசவேண்டும். இடையில் இகரம் எங்கே போயிற்று?)

பட்டறைக்காரர்:
குற்றழுத்தம்னா சென்சார் மேல குற்றம்னு எழுதிருவான் சாமி.

மொழிபெயர்ப்பாளர், ஏற்காடு:
'மேப் சென்சார்' என்றே விடலாமே. எச்சவியலில் தொல்காப்பியரே வடசொல்லுக்கு வழிவிட்டிருக்கிறார்.

தமிழாசிரியர்:
வடவெழுத்தை ஒருவி, அதாவது நீக்கித்தானே அம்மா விட்டார்! எழுத்து தமிழானால் போதுமா, பொருள் விளங்கவேண்டாமா? 'மேப்' என்றால் பையனுக்கு என்ன தெரியும்?

பட்டறைக்காரர்:
எந்தச் சென்சார்னு தெரியுமுங்க.

ஐ.டி.ஐ. ஆசிரியர்:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். 'முற்றழுத்த உணரி' தலைப்பில். படத்தில் அம்புக்குறியிட்டு 'மேப் சென்சார்'. குற்றழுத்தம் இல்லை. மூவர் சரி என்றார்கள்.

தமிழாசிரியர்:
நான் அந்த மூவரில் இல்லை. பன்குழல் எங்கே?