கொடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நடைமுறை வகுப்பு தேவையா?

பொருநைக்கரையான்:
எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கும் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த வேண்டுமாம். எங்கே நிற்பது, எதைத் தொடக்கூடாது என்று தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டுமாம். சிரிப்புதான் வந்தது. அருள் வந்த சாமியாடி வேட்டைக்குப் புறப்படும்போது எதிரே போகக்கூடாது என்று எனக்கு யார் பாடம் எடுத்தார்கள்? தீப்பந்தம் தெருமுனையில் தெரிந்ததும் பெரியவர்கள் திண்ணையை விட்டு உள்ளே போனார்கள், நாங்களும் போனோம். துக்க வீட்டிலிருந்து ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் கிளம்புவதும் அப்படிப் படிந்ததுதான். கண் இருந்தால் போதும்.

தாம்பரம் பாண்டி:
அண்ணாச்சி, நீங்கள் வருடம் முழுவதும் அந்தத் தெருவில் கிடந்தீர்கள். என் மகள் இரண்டு நாள் வருகிறாள். அதற்குள் எதைப் பார்ப்பாள்? போன கொடையில் சாமி கதையைப் பாடி ஆடும் கணியான் கூத்து நடந்த இடத்தில் செருப்போடு நின்றாள் என்று நான்கு பேர் அதட்டினார்கள். முன்பே சொல்லியிருந்தால் கழற்றியிருப்பாள். சொல்லவும் மாட்டோம், தெரியவில்லை என்றால் வளர்ப்பைக் குறை சொல்வோம் என்பது என்ன நியாயம்?

அம்பை மைனி:
வெறுமனே பார்த்தால் வராது தம்பி, ஒரு வேலையைக் கொடுங்கள். மறுவீட்டுச் சொதி விருந்தில் என்னை இலை போடச் சொன்னார்கள். இலையின் நுனி எந்தப் பக்கம், இஞ்சிப் பச்சடி எங்கே வைப்பது எல்லாம் பந்தி முடிவதற்குள் பிடிபட்டுவிட்டது. குவாத்தமாலாவின் மாயன் ஊர்களில் பிள்ளைகள் பெரியவர்களுடன் வேலைகளில் கூடி நின்று கற்பதைப் பற்றி உளவியலாளர் பார்பரா ரோகாஃப் நிறைய எழுதியிருக்கிறார். உங்கள் மகளை நாற்காலியில் உட்கார வைத்து வேடிக்கை காட்டாதீர்கள். பானக்காரக் குடத்தைத் தூக்கச் சொல்லுங்கள்.

பாளை ஆசிரியர்:
எல்லோரும் இனிப்பான உதாரணமாகவே சொல்கிறீர்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுத்துக் காட்டினார்கள். இடையில் தேவையே இல்லாத சில செய்கைகளையும் செய்தார்கள். உள்ளே தெரியும் கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்ததும், குட்டிச் சிம்பன்சிகள் வீண் செய்கைகளை விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோ அவற்றையும் சேர்த்தே செய்தார்கள். மனிதப் பிள்ளை பார்த்ததைச் சலித்து எடுப்பதில்லை, அப்படியே விழுங்குகிறது.

நம் திருநெல்வேலி மாவட்டத்துப் பள்ளிகளில் சாதிக்கு ஒரு நிறத்தில் கையில் கயிறு கட்டுகிறார்களே, அதற்கு எந்த வகுப்பில் பாடம் நடந்தது? அண்ணன் கட்டினான், தம்பி கட்டினான். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கண் இருந்தால் போதும் என்றால் இதுவும் அந்தக் கண் வழியாக வந்ததுதான்.

பொருநைக்கரையான்:
கயிறையும் கொடையையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள் சார். ஒன்று பக்தி, மற்றது வெறி. எங்கள் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்.

பாளை ஆசிரியர்:
யார் சொல்லித் தெரியும்? சொல்லவே வேண்டாம் என்பதுதானே உங்கள் கட்சி? எனக்கு அந்தத் தாள் பிடித்திருக்கிறது. சொல்லாமலே நடக்கும் வழக்கத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது, எழுதிவிட்டால் கேட்கலாம். செருப்பு, தீப்பந்தம் எல்லாம் எழுதுங்கள். கூடவே, கோயிலுக்குள் யார் எதுவரை வரலாம், பந்தியில் யார் கடைசியில் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதி, கீழே விழாக் குழு கையெழுத்துப் போடட்டும்.

அம்பை மைனி:
கையெழுத்துப் போட ஒருவரும் வரமாட்டார்கள்.

தாம்பரம் பாண்டி:
தட்டச்சு செய்து தருவது என் பொறுப்பு. அடுத்த வரிக் கூட்டம் எந்த ஞாயிறு, அண்ணாச்சி?