ஃபிகர் டிராயிங்: தமிழில் என்ன சொல்வது?

பெங்களூரிலிருந்து:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஞாயிறன்று அல்சூர் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அரண்மனைச் சாலை மாணிக்கவேலு மாளிகையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன். திரும்பி வந்ததும் அவர்களே கரித்துண்டால் ஆளை வரையப் போகிறார்கள். வெள்ளிக்குள் பயிற்சித்தாள் அச்சுக்குப் போக வேண்டும். 'ஃபிகர்' என்று அப்படியே போட முடியாது. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு அதன் பொருளே வேறு. 'உருவப்படம்' என்றால் முகத்தோடு நின்றுவிடுகிறது. 'மனித உருவக் கோட்டோவியம்' சரியா?

டெல்லியிலிருந்து:
புதுச்சொல் எதற்கம்மா? சங்கப் பாட்டான நெடுநல்வாடை, அணிகளைக் களைந்து வாடியிருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' போன்றவள் என்கிறதே! வண்ணம் தீட்டாமல் கோட்டால் வடிவு காட்டிய சித்திரம் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறார். ஆளும் அதில் உண்டு, வண்ணமின்மையும் உண்டு. 'வரைவு' மட்டும் வேண்டாம். அகப்பொருளில் அது திருமணம்.

மும்பையிலிருந்து:
ஐயா, கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வருவது கோடா? ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-இல் கரியால் தன்னையே வரைந்த படத்தைப் பாருங்கள். முகமும் கரி பிடித்த விரல்களும் நிதானமாகத் தெரிகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள கையோ மேலும் கீழுமாக இழுத்த கரிதான். அந்த வேகமே அங்கே உடம்பு. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வரைந்ததைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே மறுபடி வரைவார். அழிந்த கோடு சாம்பல் நிறமாய்த் தாளில் தங்கிவிடும். ஆகவே 'யாக்கை' என்பேன். யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பும் அதே வேர். எலும்பும் நரம்பும் தசையும் சேர்த்துக் கட்டியது யாக்கை. கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுவதுதானே இந்தப் படம்? 'கரியாக்கை' என்று ஒரே சொல்லாகவே வைக்கலாம்.

பெங்களூரிலிருந்து:
அக்கா, விளக்கம் மனதில் நிற்கிறது. ஆனால் வீட்டில் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். 'கரி ஆக்கு' என்று பிரித்தாள். படித்தவர்களுக்கோ யாக்கை என்றதும் நிலையாமைதான் முன்னால் வரும். பன்னிரண்டு வயதுக்கு அது பாரம். கோடு பற்றி நீங்கள் சொன்னது சரி, கோட்டோவியத்தை விட்டுவிட்டேன். 'கரியில் மனித உருவம்' என்று தலைப்பிட்டு, அடியில் புனையா ஓவியத்தையும் சேர்த்திருக்கிறேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். நாளைக் காலை அனுப்பிவிடுவேன்.

மும்பையிலிருந்து:
அனுப்புங்கள். ஆனால் பெரியவர்களுக்கு எழுதும்போது யாக்கையை விடமாட்டேன்.

டெல்லியிலிருந்து:
அம்மா, அச்சுக்கு முன் ஒன்று. 'கரியில்' ஏழாம் வேற்றுமை. உருவம் இருப்பது தாளில். கரி வெறும் கருவி. 'கரியால் வரைந்த' என்று மூன்றாம் வேற்றுமையில் வர வேண்டாமா?