புதுப்பிப்பு: நவம்பரில் 8 நாள் ஜப்பான், ரயில் பாஸ் வாங்கவில்லை

டோக்கியோ, அதற்கு வடக்கே மலையில் இருக்கும் நிக்கோ, கியோட்டோ போக ரயில் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு JR ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்) தேவையா, இலையுதிர்காலத்தில் சிவக்கும் இலைகளை எங்கே பார்ப்பது என்று கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பாஸ் வேண்டாம் என்றவர் சொன்னதுதான் சரி. 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது, டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயிலுக்கோ ஒரு வழிக்குச் சுமார் 14,000தான், நிக்கோவுக்கு டோக்கியோவின் அசகுசா நிலையத்திலிருந்து, இந்தப் பாஸ் செல்லாத தனியார் ரயிலிலேயே போய்விட்டோம். பெட்டிகளை 'தக்யூபின்' கூரியரில் அனுப்பச் சொன்ன யோசனையும் அருமை, ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தோம், மறுநாள் கியோட்டோவில் இருந்தது.

எதிர்பாராதது நிக்கோதான். நவம்பர் 18 அன்று மேலே சூசென்ஜி ஏரிக்கரையில் மரங்கள் மொட்டையாக நின்றன. உயரம் சுமார் 1,270 மீட்டர், அங்கே அக்டோபரிலேயே சிவந்து முடிந்துவிடுகிறது. ஆனால் கியோட்டோவில் அப்போதுதான் உச்சம், தோஃபுகுஜி கோயிலில் நகர இடமில்லை, காலையில் முதல் ஆளாகப் போங்கள். அப்புறம், மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், நாங்கள் போட்ட மதியத் திட்டங்களில் பாதி அதனாலேயே போச்சு. சைவம் சாப்பிடுபவர்கள் 'தாஷி' இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் மீன் போட்ட சாறுதான் அது, காய்கறி உடோனிலும் (தடித்த நூடுல்ஸ்) இருக்கும்.